சீனி வருத்தத்தின் வயது

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறி, ரிவஸ்டனைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் லக்கல வரும். நக்கிள்ஸ் மலைகளுக்கு அப்பால் வயலும் சேனையும் மிளகும் கித்துளும் உள்ள ஊர்கள். களு கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய பல்லேகம நகரம் தண்ணீருக்கு இடம்விட்டு வேறிடத்தில் புதிதாக எழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் மாதாமாதம் சீனி வருத்தக் கிளினிக்குக்குப் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 48. பன்னிரண்டு வருடமாகக் குளிசை, கடைசி இரண்டு வருடமாக இன்சுலின் ஊசியும். உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 92 கிலோ. கொழும்பில் வேலை செய்யும் மகள் ஒருநாள் தொலைபேசியில் சொல்கிறாள்: "அப்பா, வயித்த சின்னதாக்குற ஒப்பரேசன் ஒண்ணு இருக்காம். செஞ்சா சீனி இல்லாமப் போயிருமாம்."

போய்விடுமா? இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். போகலாம். போகாமல் குறைய மட்டும் செய்யலாம். போய்ப் பத்து வருடம் கழித்துத் திரும்பி வரவும் கூடும். இவற்றுள் எது நடக்கும் என்பதில் அவருடைய நிறையைவிட அவருடைய வருத்தத்தின் வயதுக்கே அதிக பங்கு உண்டு. இந்த ஒரு செய்தி கிளினிக் வாங்கில்களில் காத்திருக்கும் எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சீனி வருத்தம் நகரத்தாருக்கு வருவது என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் முற்றாகப் போகவில்லை. போர் நடந்துகொண்டிருந்த வடக்கும் கிழக்கும் நீங்கலாக, 2005, 2006 ஆம் ஆண்டுகளில் பிரசாத் கட்டுலந்தவும் அவரது குழுவினரும் நாடளாவிய ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். 20 வயதைக் கடந்தவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நகரத்தில் 16.4 வீதம், கிராமத்தில் 8.7 வீதம். நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. 2018, 2019 இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வோ வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் என்று காட்டியது. தெரியாமல் கழியும் அந்த வருடங்களும் வருத்தத்தின் வயதில் சேரும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சத்திரசிகிச்சை நீரிழிவுக்கென்று பிறந்ததல்ல. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த நோயாளிகள் பிறகு நிறை கூடச் சிரமப்படுவதைக் கவனித்த எட்வர்ட் மேசன், சிக்காஷி இட்டோ என்ற இருவர், 1966 இல் அமெரிக்காவின் அயோவாவில் உடற்பருமனுக்காக முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார்கள். அதற்கும் முன்பே, 1955 இல், இப்படி இரைப்பை குறைக்கப்பட்ட மூன்று பேருக்கு நீரிழிவு தணிந்ததாக ஒரு மருத்துவக் குறிப்பு வந்திருந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சீனி வருத்தம் குறைவதில்லை, கூடிக்கொண்டே போவது என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

அதை உடைத்தவர் வட கரோலினாவின் கிரீன்வில் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் வோல்டர் போரிஸ். பைபாஸ் செய்துகொண்ட 608 பேரின் கதையை 1995 இல் அவர் வெளியிட்டார். அவர்களில் நீரிழிவு இருந்தவர்கள் 146 பேர். அதில் 121 பேருக்குக் குருதிச் சீனி இயல்புக்கு வந்து நின்றிருந்தது. வயதுவந்தோர் நீரிழிவுக்கு மிகப் பலன் தரும் சிகிச்சை ஒரு சத்திரசிகிச்சையாக இருக்கும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள் என்ற வியப்பையே அவர் கட்டுரையின் தலைப்பாக வைத்தார். இன்னொன்றும் எல்லோரையும் உலுக்கியது. நிறை குறையத் தொடங்கும் முன்பே, சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களிலேயே, பலருக்கு இன்சுலின் தேவைப்படாமல் போனது.

என்ன செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று பெருமளவில் நடப்பவை இரண்டு. இரண்டையுமே வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கமெரா வழியாகப் பார்த்துச் செய்கிறார்கள். முதலாவதில் இரைப்பையை நெடுக்காக வெட்டி முக்கால் பங்கையும் வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய். சட்டைக் கை போல இருப்பதால் ஸ்லீவ் என்று பெயர். இரண்டாவது பைபாஸ். இதில் எதையும் எடுத்து வீசுவதில்லை. இரைப்பையின் உச்சியில் முட்டை அளவுச் சிறு பையை மட்டும் தனியே பிரிப்பார்கள். சிறுகுடலைத் தொடக்கத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்த்துண்டை மேலே இழுத்து அந்தப் பையோடு தைப்பார்கள். பித்தமும் சதையிச் சாறும் வரும் மேல்துண்டைக் கீழே வேறோரிடத்தில் இணைப்பார்கள். பார்த்தால் கவட்டை போல இருக்கும். சாப்பாடு ஒரு கிளையில் வரும், செரிக்கும் சாறுகள் மறு கிளையில் வரும், தண்டில் இரண்டும் சந்திக்கும். இரைப்பையின் பெரும்பகுதியும் சிறுகுடலின் முதல் வளைவும் உணவைக் காணவே காணா.

இதனால் சீனி ஏன் இறங்க வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள, வருத்தம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ரோய் டெய்லர் தரும் விளக்கம் எனக்குத் தெளிவாகப் படுகிறது. தேவைக்கு மிஞ்சிச் சாப்பிடும் மாப்பொருள் ஈரலில் கொழுப்பாகப் படிகிறது. கொழுத்த ஈரல் இன்சுலினின் சொல் கேட்காது. இரவு முழுக்க, யாரும் கேளாமலே, குளுக்கோஸைக் குருதிக்குள் ஊற்றிக்கொண்டிருக்கும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய் எடுத்த பரிசோதனையில் சீனி கூடியிருப்பதற்கு இதுவே காரணம். இதற்கிடையில் ஈரல் தன் கொழுப்பைக் குருதி வழியே வெளியே அனுப்புகிறது. அதில் ஒரு பங்கு சதையிக்குள் போய்ப் படிந்து, இன்சுலின் சுரக்கும் பீற்றாக் கலங்களை மந்தமாக்குகிறது. இன்சுலின் குறையச் சீனி கூடும். சீனி கூட ஈரல் மேலும் கொழுக்கும். செக்கு மாடு போல இந்தச் சுற்று வருடக்கணக்கில் ஓடும்.

டெய்லரின் குழு 2011 இல் சத்திரசிகிச்சை எதுவும் இல்லாமல் 11 நீரிழிவாளர்களுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தது. நாம் மத்தியானம் சாப்பிடும் ஒரு தட்டுச் சோறு கறியில் இருக்கும் சக்தி அது. ஏழே நாளில் அவர்களின் வெறும் வயிற்றுச் சீனி இயல்புக்கு வந்தது. ஈரல் கொழுப்பும் வேகமாகக் கரைந்தது. பைபாஸ் செய்துகொண்டவரும் முதல் வாரத்தில் கஞ்சித் தண்ணீர் அளவில்தானே சாப்பிடுகிறார்? அப்படியானால் அந்த முதல் நாட்களின் அதிசயத்தில் பெரும்பங்கு பட்டினிக்குச் சேர வேண்டியது.

முழுவதும் பட்டினிதானா என்றால், அங்கேதான் வாதம் சூடுபிடிக்கிறது. பிரான்செஸ்கோ ருபினோ என்ற ஆய்வாளர், பருமன் இல்லாமலே நீரிழிவு வரும்படி ஜப்பானில் வளர்க்கப்பட்ட எலி இனம் ஒன்றில் இரைப்பையைத் தொடாமல் சிறுகுடலின் முதல் பகுதியை மட்டும் உணவு தவிர்த்துப் போகும்படி மாற்றினார். நிறை மாறாமலே சீனி மேம்பட்டது. 2004 இல் வந்த இந்த முடிவு குடலையும் ஓர் ஓமோன் உறுப்பாகப் பார்க்க வைத்தது. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு விரைவாகப் போய்ச்சேரும்போது அங்கிருந்து ஜிஎல்பி-1 என்ற ஓமோன் பல மடங்கு சுரக்கிறது. அது சதையியிடம் இன்சுலின் கேட்கும், மூளையிடம் போதும் என்று சொல்லும். இன்று பேசப்படும் செமாகுளூட்டைட் போன்ற வார ஊசிகள் இந்த ஓமோனின் வேலையைத்தான் செய்கின்றன.

ஆனால் 2020 இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸிலிருந்து வந்த ஆய்வு ஒன்று எல்லோரையும் நிதானிக்க வைத்தது. 22 நீரிழிவாளர்கள். பாதிப் பேர் பைபாஸிலும் பாதிப் பேர் உணவுக் கட்டுப்பாட்டிலும் உடல் நிறையில் ஏறத்தாழ 18 வீதத்தைக் குறைத்தார்கள். நிறை ஒரே அளவு குறைந்தபோது, ஈரலும் தசையும் இன்சுலினுக்குக் கீழ்ப்படிவதிலும் பீற்றாக் கலங்களின் செயலிலும் இரு பகுதியினருக்கும் ஒரே நன்மை. குடலை மாற்றிக் கட்டியதற்கென்று தனிப் பெருநன்மை தென்படவில்லை. இரண்டு பக்கத்தையும் வாசித்த பிறகு என் முடிவு இது: சீனியை இறக்குவது முக்கியமாக நிறைக் குறைவுதான். குடல் ஓமோன்கள் செய்வது, அந்தக் குறைவை மனிதர் தாங்கிக்கொள்ளும்படி ஆக்குவது.

இந்த இரண்டாவது வேலை சின்ன வேலை அல்ல. சாப்பாட்டைக் குறைத்து நிறையை இறக்கியவர்களை எத்தனை பேர் குறை சொல்லியிருக்கிறோம், "பழையபடி வந்திட்டாரே, வாயைக் கட்ட முடியல" என்று! மெல்பேர்னில் பிரியா சுமித்ரனும் குழுவினரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பழிச்சொல்லுக்குப் பதில். கடும் உணவுக் கட்டுப்பாட்டால் நிறை குறைந்த 50 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு வருடம் கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஓமோன் கூடியே இருந்தது, நிறைவைத் தரும் ஓமோன்கள் குறைந்தே இருந்தன. இழந்த நிறையைத் திரும்பக் கேட்டு உடம்பே போராடுகிறது. சத்திரசிகிச்சை இந்தப் போராட்டத்தைத் தணிக்கிறது. பசி ஓமோனான கிரெலின் பெருமளவில் சுரக்கும் இடம் இரைப்பையின் மேற்பகுதி. ஸ்லீவில் அது வெட்டி எடுக்கப்படுகிறது.

இனி வருத்தத்தின் வயதுக்கு வருவோம். சுவீடனில் 1987 இல் தொடங்கிய பேராய்வு ஒன்று பருமன் சத்திரசிகிச்சை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. நீரிழிவோடு சத்திரசிகிச்சைக்குப் போனவர்களில் 72 வீதமானோருக்கு இரண்டாம் வருடத்தில் மருந்தின்றிச் சீனி இயல்பில் இருந்தது. பதினைந்தாம் வருடத்தில் அது 30 வீதமாக இறங்கியது. வருத்தம் தொடங்கிச் சொற்ப காலத்தில் சத்திரசிகிச்சைக்குப் போனவர்களுக்கே பலன் அதிகம் நிலைத்தது. அமெரிக்காவின் கிளீவ்லன்ட் கிளினிக்கில் 150 பேரோடு நடந்த ஸ்டாம்பீட் ஆய்வு இன்னும் கடினமான நோயாளிகளை எடுத்தது. சராசரியாக எட்டு வருடத்துக்கு மேற்பட்ட நீரிழிவு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9 க்கு மேல். ஐந்து வருடம் கழித்து எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 வீதம், ஸ்லீவில் 23 வீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 வீதம்.

ஏன் இப்படி? பிரித்தானியாவின் பெரிய நீரிழிவு ஆய்வான யூகேபிடிஎஸ் சொன்னது: நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பீற்றாக் கலங்களின் செயலில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். மீதி பின்வரும் வருடங்களில் தேய்கிறது. கொழுப்பு அடைத்து உறங்கிக் கிடக்கும் கலங்களை எழுப்பலாம். அழிந்து போனதை எந்தச் சத்திரவைத்தியரும் தைத்துத் தர முடியாது. அதனால்தான் இப்போது மருத்துவர்கள் குணம் என்ற சொல்லைத் தவிர்த்துத் தணிவு என்கிறார்கள். சீனிக்கான மருந்து ஒன்றுமில்லாமல் குறைந்தது மூன்று மாதம் எச்பிஏ1சி 6.5 க்குக் கீழே நின்றால் அது தணிவு. 2021 இல் சர்வதேச நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட வரையறை இது.

அப்படியானால் பன்னிரண்டு வருடக்காரருக்கு இதில் ஒன்றுமே இல்லையா? உண்டு. ஊசியின் அளவு குறையலாம், சிலருக்கு ஊசியே நிற்கலாம். சுவீடன் ஆய்வில் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் சிக்கல்கள் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு ஏறத்தாழப் பாதியாக இருந்தன. கால் விரல் போகாமல் இருப்பதும் பார்வை நிலைப்பதும் தணிவு என்ற சொல்லுக்குள் வராவிட்டாலும் ஒரு விவசாயிக்கு அவையே வாழ்க்கை. ஆனால் முதலில் கண் பரிசோதனை செய்ய வேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த சீனி திடீரென விழும்போது விழித்திரைப் பாதிப்பு சிலருக்கு மோசமாகும்.

நம் மக்களுக்கென்று இன்னொரு விஷயம். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004 இல் தன்னையும் தன் பிரித்தானிய நண்பர் ஜோன் யுட்கினையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படம் மருத்துவ உலகில் பிரபலம். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டெண் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தெற்காசியர் மெலிந்து தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமக்கிறோம். அதனால் 2016 இன் சர்வதேச வழிகாட்டி, மருந்தால் அடங்காத நீரிழிவுக்கு மற்றவர்களுக்குச் சுட்டெண் 30 இலிருந்து சத்திரசிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றால் ஆசியர்களுக்கு 27.5 இலிருந்தே பரிசீலிக்கலாம் என்றது. 165 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு அது 75 கிலோ. ஊரில் யாரும் குண்டர் என்று சொல்ல மாட்டாத நிறை.

இதை வாசித்துவிட்டு மெலிந்த உடம்பும் நீரிழிவும் உள்ளவர்கள் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டாம். சிறு வயதில் திடீரென வந்து தொடக்கத்திலிருந்தே இன்சுலின் கேட்கும் முதல் வகை நீரிழிவுக்கு இது பரிகாரமல்ல. சீ-பெப்டைட் என்ற குருதிப் பரிசோதனை, சதையியில் இன்சுலின் இன்னும் எவ்வளவு ஊறுகிறது என்று காட்டும். நெடுநாள் நோயாளி முதலில் கேட்க வேண்டிய பரிசோதனை அதுதான்.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பத்து மையங்களைச் சேர்த்த ஆய்வு ஒன்றில் முப்பது நாளுக்குள் ஆயிரத்தில் மூன்று பேர் இறந்தார்கள். தையலில் கசிவு, இரத்தக்கசிவு, காலில் குருதி உறைவது ஆகியவை அரிதாக நேரும். எனக்குக் கூடிய கவலை பிறகு வரும் வருடங்களைப் பற்றியது. பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி எல்லாம் வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும், வருடா வருடம் குருதியில் பார்க்க வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். விடாமல் வாந்தி வந்தால் தயமின் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். தீட்டிய அரிசிச் சோற்றை மட்டும் தின்ற ஆசியாவை ஒரு காலத்தில் வாட்டிய பெரிபெரியின் மறுவடிவம் அது. வீடு திரும்பியவர் பழைய அளவில் கிளிக்கிளசைட்டையோ இன்சுலினையோ எடுத்தால் சீனி அபாயமாக இறங்கி மயங்கி விழுவார். பைபாஸ் செய்தவர் கித்துள் பாணியோ சீனி கூடிய பிளேன்டீயோ குடித்தால் சற்று நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்க வேண்டி வரும்.

இங்கேதான் லக்கல என்ற இடம் முக்கியமாகிறது. இலங்கையில் இந்தச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் கொழும்பில் நடக்கிறது. மாத்தளை நகரத்திலிருந்தே கொழும்பு 140 கிலோமீற்றர் அளவு. லக்கலக்காரருக்கு அதற்கு முன் ரிவஸ்டன் மலைப்பாதை வேறு. ஒரு தடவை போய் வெட்டிக்கொண்டு வருவது பெரிய காரியமில்லை. நடுச்சாமத்தில் வாந்தி நிற்காதபோது யாரிடம் போவது? இரண்டாம் வருடத்தில் பி12 ஐப் பார்ப்பது யார்? கொழும்புச் சத்திரவைத்தியரும் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளூர் வைத்தியசாலையும் ஒரே கொப்பியில் எழுதிப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் ஒழிய, தூரக் கிராமத்தவரைச் சத்திரமேசையில் ஏற்றுவது நியாயமல்ல என்பது என் கருத்து. அந்த ஏற்பாடு இருந்தால், இலவச மருத்துவம் உள்ள நாட்டில் நிறைவேறக்கூடிய சிகிச்சையே இது.

நம் 48 வயதுக்காரருக்கு வருவோம். அவருடைய சுட்டெண் 33.8. ஆசியருக்கான வரம்பைத் தாண்டிவிட்டார், மருந்தாலும் அடங்கவில்லை. போய்க் கேட்கத் தகுதி உண்டு. சீனி இல்லாமலே போகும் என்ற நம்பிக்கையோடு போகக் கூடாது. ஊசி குறையும், கண்ணும் காலும் காக்கப்படும் என்ற கணக்கோடு போக வேண்டும்.

அவருக்கு ஒரு தம்பி இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வயது 38, இரண்டு வருடத்துக்கு முன் சீனி கண்டுபிடிக்கப்பட்டது, நேரம் கிடைத்தால் குளிசை போடுகிறார். இந்தச் சத்திரசிகிச்சை கற்றுத்தந்த எல்லாமே அண்ணனைவிடத் தம்பிக்குத்தான் அதிகம் பொருந்தும். பிரித்தானியாவின் டைரெக்ட் ஆய்வு, நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை மட்டும் எடுத்து, கத்தி படாமல், கடும் உணவுத் திட்டத்தால் நிறையைக் குறைத்தது. ஒரு வருடத்தில் 46 வீதமானோருக்குத் தணிவு. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 வீதம். நிறை திரும்ப ஏற ஏறப் பின்வந்த வருடங்களில் இந்த எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனாலும் அந்தத் தம்பியின் சதையியில் எழுப்புவதற்குக் கலங்கள் இன்னும் இருக்கின்றன. வைத்தியரின் கண்காணிப்பில் அவர் இந்த வருடமே தொடங்கலாம். அதில் தோற்றால் சத்திரசிகிச்சையைப் பற்றி ஐந்தாம் வருடத்தில் கேட்க வேண்டும், பதினைந்தாம் வருடத்தில் அல்ல.

நீங்கள் 35 வயதைத் தாண்டியவராக இருந்து இதுவரை சீனி பார்க்காதவர் என்றால், பக்கத்து அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு வெறும் வயிற்றோடு ஒரு காலை போய் வாருங்கள், அங்கே காசு வாங்க மாட்டார்கள். ஏற்கெனவே வருத்தம் உள்ளவர் என்றால் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அது கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடுத்த தடவை வைத்தியருக்கு முன் உட்காரும்போது, குளிசை வாங்கும் முன் அந்தப் பக்கத்தைக் காட்டி, என் சதையி இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது ஐயா என்று கேளுங்கள்.